குதிரைக்காரன் தூங்குகிறான்

வடாலாவில் ரயில் ஏறியதும் பெண்கள் பெட்டியில் என் எதிரே அக்காளும் தங்கையுமாக இருவர் வந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சு திருநெல்வேலிப் பேச்சு. தங்கையின் மடியில் அட்டை போன பழைய படக்கதைப் புத்தகம் ஒன்று இருந்தது.

"யக்கா, இந்தக் குதிரைக்காரன் செத்துட்டானாம்" என்றாள் தங்கை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

"யாருளா சொன்னா?"

"மவதான். இந்திப் பள்ளிக்கூடத்துல படிச்ச நமக்கு எங்க தமிழ் வாசிக்கத் தெரியும்? அவ போனைக் காட்டுதா, அது வாசிச்சுச் சொல்லுது. சின்னப்புள்ளையில நீ கடைசிப் படத்தைக் காட்டி, அவன் தூங்குதான், விடிஞ்சதும் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவான்னு சொன்னியே."

"படத்துல அவனைச் சுத்தி நின்னு எல்லாரும் அழுதாவ. பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அம்மா அப்போ ஆசுபத்திரியில கிடந்தா. நீ தெனமும் அந்தப் பக்கத்தையே விரிச்சு வச்சுக்கிட்டுக் கேட்ட. வேற என்னத்தச் சொல்ல?"

தங்கை அந்தப் படத்தை விரலால் தடவினாள்.

"அம்மா பொழச்சு வந்துட்டாள்லா" என்றாள் அக்காள். "அதுக்குப் பொறவு நானே நம்பிட்டேன், இவன் தூங்கத்தான் செய்யுதான்னு."

குர்லா வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

"மவ கேட்டா என்ன சொல்லட்டும்?"

"போனு தப்பா வாசிக்குன்னு சொல்லு."