சுவரைச் சுரண்டும் நாய்

இல்ல தம்பி, இந்த ரோபோ நாயைக் கவுத்துப் போட்டுத் திறக்காதீங்க. அதெல்லாம் நானே பாத்துட்டேன். கால் இடுக்குல முடி சுத்தியிருக்கான்னு பாத்தேன், பழைய பல் பிரஷ்ஷால தேச்சேன், கண்ணை மூக்குக்கண்ணாடித் துணியால துடைச்சேன். அணைச்சுட்டுத் திரும்பப் போட்டீங்களான்னு மட்டும் கேக்காதீங்க. என் மச்சான் அதைக் கேட்டே பாதி உசிரை எடுத்துட்டான்.

தரையில விடுங்க. நடக்குதா? ம்.

வீட்ல என்ன பண்ணிச்சுன்னா, ஹால் நடுவுல போயிட்டே இருக்கும், திடீர்னு முன்னங்காலைத் தூக்கி வைக்கும், படி ஏறுற மாதிரி. அங்க படியே கிடையாது. வழவழன்னு தரை. அப்புறம் ஒண்ணுமில்லாத இடத்தைச் சுத்திக்கிட்டுப் போகும், மரியாதையா, அங்க யாரோ உக்காந்து சாப்பிடுற மாதிரி. கடைசியா சுவத்துக்கிட்ட போயி நிக்கும். வாலை ஆட்டும். முன்னங்காலால சுரண்டும். வெறும் சுவரு தம்பி. அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரோட பாத்ரூம். அவரு ஒருநாள் வந்து, உங்க வீட்ல எலி இருக்கா சார்னு கேட்டுட்டுப் போனாரு.

மச்சான் பொண்டாட்டி பேய் புடிச்சிருக்குன்னா. பேய்க்கெல்லாம் வாரண்டி கிடையாதும்மா, சும்மா இருன்னேன்.

காரணமா? கண்டுபுடிச்சேன். நான் ரொட்டி ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட்டு. மெஷின் மக்கர் பண்ணினா, கடைசியா எதை மாத்தினோம்னுதான் முதல்ல கேப்போம். அப்படிப் பாத்தா மாறினது ஒண்ணே ஒண்ணு. வீடு. நாங்க வீடு மாத்தினோம், அதை இதுக்கு யாரும் சொல்லல. அது பாட்டுக்குப் பழைய வீட்லயே நடந்துக்கிட்டு இருக்கு. தூக்கி வச்ச கால், பழைய சமையக்கட்டுப் படிக்கு. சுத்திக்கிட்டுப் போனது சாப்பாட்டு மேசையை. ஒருநாள் சாக்பீஸை எடுத்துக்கிட்டு அது பின்னாலயே கோடு போட்டுக்கிட்டுப் போனேன். இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நிமிந்து பாத்தா, பழைய வீடு முழுசா தரையில கிடக்கு.

ஐயோ, அதுக்குள்ள இருக்கிற வீட்டு மேப்பை அழிக்கிற பேச்சே வேணாம். அந்த பட்டன்ல இருந்து கையை எடுங்க முதல்ல.

அந்தச் சுவரா? அங்க எங்க பழைய வீட்ல கதவு. எங்க பொண்ணு ரூம். இதை வாங்கினதே அவதான். காலையில கதவைச் சுரண்டி எழுப்பணும்னு பழக்கி வச்சிருந்தா. அலாரம்னா அணைச்சுட்டுத் தூங்கிடலாம்பா, இதை அணைக்க மனசு வராதாம்.

இல்ல, அவளைக் கூட்டிட்டு வர முடியாது. பாஸ்வேர்டும் அவளுக்குத்தான் தெரியும். அவ இல்லாத வீட்ல இருக்க முடியாமத்தான தம்பி நாங்க வீடே மாத்தினது.

சாக்பீஸ் கோட்டை அழிக்கப் போனேன், என் வீட்டுக்காரி விடல. மேசையை இழுத்து அந்தக் கட்டத்துக்குள்ள போட்டா. தரை துடைச்சாலும் கோட்டை ஒதுக்கிட்டுத்தான் துடைப்பா. அதுவரைக்கும் படுத்த படுக்கையாக் கிடந்தவ தம்பி. டாக்டரைப் பாத்தோம், மாத்திரை குடுத்தாரு, ஒண்ணும் கதைக்காகல. காலையில அந்தச் சுரண்டுற சத்தம் கேக்க ஆரம்பிச்சதும் எழுந்திரிச்சா. முகம் கழுவினா. ரெண்டு இட்லியோ ரொட்டியோ, ஏதோ வாயில போட்டா. எனக்கு அது போதும். அது ஏன் எதுக்குன்னு நான் கிளறல.

என்னது? இப்ப எல்லாம் சரியா இருக்கா?

ஆமா. அதான் கம்ப்ளெயின்ட்டே.

போன வாரத்துல இருந்து இது படி ஏறல. சுவத்துப் பக்கமே போகல. முட்டி முட்டிப் புது வீட்டைக் கத்துக்கிச்சு. ஜம்முனு நேரா நடந்து போயி பால்கனி வெயில்ல படுத்துக்குது, சனியன். என் வீட்டுக்காரி திரும்பப் படுக்கையில விழுந்துட்டா. கண்ணைத் திறந்துக்கிட்டே கிடக்கா. சோறு தண்ணி கிடையாது. கூப்பிட்டா, உஷ்ங்கிறா. காது முழுக்க அந்தச் சுவத்துலயே இருக்கு.

சிரிக்காதீங்க தம்பி. ஊர்ல உள்ள பழுதையெல்லாம் எடுத்துத் தர்றீங்க, ஒரு பழுதைத் திருப்பிப் போட்டுத் தர முடியாதா? பழைய வீட்டு மேப்பு உள்ள எங்கயாவது ஒரு ஓரமாவாவது ஒட்டிக்கிட்டு இருக்கும்ல? நிதானமாத் தேடுங்க. நான் இந்த ஸ்டூல்லயே உக்காந்திருக்கேன்.

நான் தூங்கலதான். கண்ணு அதான் இப்படி இருக்கு. இன்னிக்குக் காலையில ஷிஃப்ட் முடிஞ்சு வந்தேன், அவ நான் விட்டுட்டுப் போன இடத்துலயே கிடந்தா. என்ன தோணுச்சோ, செருப்பைக்கூடக் கழட்டல, சுவத்தோரம் மண்டி போட்டு உக்காந்து நகத்தால சுரண்டினேன். இது என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. உள்ளேருந்து அவ குரல் வருது, இதைக் கொஞ்சுற மாதிரி: மெதுவாடா, புள்ள தூக்கத்துல பயந்துக்கப் போறா.

மெதுவாச் சுரண்டினேன் தம்பி. அவ எழுந்து அடுப்பைப் பத்த வைக்கிற சத்தம் கேக்குற வரைக்கும்.