மாமனார் அறையின் வாடை

காயடித்த பூனை வீட்டுக்குள் மூத்திரம் பீய்ச்சாது என்று நினைக்கிறவர்கள் பூனை வளர்த்துப் பார்க்காதவர்கள். வேற்றுக் கடுவன் பூனையின் வாசனை மூக்கில் பட்டால் போதும், இது என் இடம் என்று சுவரில் அடித்துக் காட்டும். பிராணிகள் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாகக் கூண்டு கழுவுகிறேன், எனக்குத் தெரியும். என் கணவருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் ஜன்னல் உள்ள அறை ஒன்றுதான். அதில் மாமனாரும் அவருடைய பூனையும். பரீட்சைக்குப் படிக்கும் என் மகளுக்குச் சமையலறைத் தரை. அறையை மாற்றிக்கொள்ளலாம் மாமா என்று நானும் எத்தனை தடவை கேட்பது? "பாக்கலாம்மா" என்பார். நாலு வருடம் பார்த்தார். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு கடுவன் படுத்திருந்த துண்டைக் கொண்டுவந்து அவர் மெத்தைக்கு அடியில் செருகினேன். மூன்றாம் நாளே பூனை வேலையைக் காட்டிவிட்டது. மெத்தை ஓரம், போர்வை, சுவர், எதையும் விடவில்லை.

கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பாவா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மீதியை அவராகவே புரிந்துகொண்டார்.

"நான் இல்லம்மா. பூனையா இருக்குமோ?" என்றார் மாமனார்.

"ஆபரேஷன் பண்ண பூனை அதெல்லாம் செய்யாது மாமா. வயசானா நமக்கே தெரியாம போயிடும். விடுங்க" என்று பதமாகத்தான் சொன்னேன்.

பாவம், நம்பிவிட்டார். முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று கணவர் பேச்செடுத்தார். அன்றிலிருந்து மாமனார் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். குடித்தால்தானே போகும் என்று நினைத்திருக்கிறார். மாத்திரைக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். நல்ல கோடை வேறு. சிறுநீரகம் நின்றுபோய் இறந்தார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மெத்தையைத் தூக்கியபோது, ஆஸ்பத்திரி முத்திரை போட்ட அந்தத் துண்டு கணவர் கையில் கிடைத்தது. அதனால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். துண்டை வைத்தது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அறை மட்டுமே. அவரைத் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று நான் சொன்னேனா? ஒரு கடமையிலும் நான் குறை வைக்கவில்லை. தினமும் காலையில் அவர் தலைமாட்டில் கூஜா நிறையத் தண்ணீர் வைத்தேன். சாயங்காலம், நிரம்பியபடியே இருந்த கூஜாவைக் கொட்டிக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து வைத்தேன். பதினோரு நாளில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.