நீலத் துணி சுற்றிய விரல்

வலது கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது. முந்தாநாள் மரப்பெட்டி ஒன்று நகத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. அக்காதான் பழைய நீலத் தலையணை உறையைக் கிழித்துச் சுற்றிவிட்டாள். அந்த விரலோடு காலையிலிருந்து இரண்டு லாரிச் சரக்கு இறக்கியிருந்தான். கிடங்குச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது. இடது கையால் எடுத்தான்.

"ஹலோ... சொல்லுக்கா... இல்ல, இப்பதான் டப்பாவத் தொறந்தேன்... ஆமா... ஆமா ஆமா, அந்த வீடியோவப் பாத்தேன். குரூப்புல வந்துச்சு... எந்தக் குரூப்பா? அந்தப் படத்து ரசிகர் குரூப்புக்கா. ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு மேசையில பலகைய விரிச்சு, ஆளுக்கொரு வீரனா பகடை உருட்டுவோமே, அந்த ஆட்டத்தத்தான் படமா எடுத்திருக்கான். தியேட்டர்ல எவன் கத்துனான், எவன் குதிச்சான்னு ஆளாளுக்கு வீடியோ போடுறானுங்க... ம்... எவன் எடுத்தான்னு தெரியலக்கா. எவனோ பின்வரிசைப் பய. இருட்டுல யாரக் கண்டேன்?"

சுவருக்கு அந்தப் பக்கம் எவனோ மூக்கை உறிஞ்சி, தேம்பி அழுகிற மாதிரி செய்தான். நாலு பேர் சிரித்தார்கள். காலையிலிருந்து இதே கூத்து. வீடியோவில் தோள் குலுங்க அழுவது அக்கா புருஷன்; இதே கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவர்.

"அவனுங்க சத்தந்தான்... விடுக்கா... ஆமா, படிச்சேன். 'எருமை அழுவுது பாருங்கடா'ன்னு கீழ எழுதியிருந்துச்சு... என்ன, அதுக்காகவா மாமா வேலைக்கு வரல? காய்ச்சல்னுல்ல நெனச்சேன்... அவரு அழுததுல என்னக்கா தப்பு? படத்துல கேடயக்காரன் ஒத்த ஆளா பாலத்த மறிச்சு நின்னு சாகுறான். நம்ம குட்டையன் மேசையில ஆடுனதும் கேடயக்காரன்தான? அவன், உன் கொழுந்தன், செத்து இன்னும் வருஷம் திரும்பல. தம்பிய நெனச்சு அண்ணன் அழுதா... அவன் பகடைய இன்னிவரைக்கும் நாங்க யாரும் தொட்டதில்லக்கா. டம்ளரப் போட்டு மூடித்தான் வச்சிருக்கோம்... தெரியும்... தெரியும்க்கா... என்னது? பெட்டியக் கட்டிட்டாரா? பலகை, பகடை எல்லாமா? ஐயோ, குட்டையன் தன்னோட வீரனப் பத்திக் கைப்பட எழுதுன தாளு அதுலதான இருக்கு! குப்ப வண்டி எப்ப வரும்?... சாயங்காலமா? நீ புடிச்சு வை, நான் வந்து..."

சட்டென்று நிறுத்தினான்.

"...நானா? அவரு பக்கத்துலதான்... ஆமா, நேத்து படத்துக்கு நடுவுல எழுந்து போனேன். தண்ணி குடிக்க... திரும்பி வந்து ஓரமா நின்னுட்டேன்... எந்த ஓரத்துல?... வீடியோவுல கீழ் ஓரத்துல... என்ன தெரியுது?"

கட்டைவிரலைப் பார்த்தான். நீல முடிச்சில் அழுக்கேறியிருந்தது. அக்கா எதிரிலேயே நிற்பதுபோல அதை முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டான்.

"அக்கா... ம்... நான்தான்... திட்டு. இன்னும் நல்லாத் திட்டு... இல்லக்கா, தெரியாம எடுக்கல. வேணும்னுதான் எடுத்தேன். எனக்கும் அழுகை வந்துருச்சுக்கா. அவருக்கு முன்னாடியே வந்துருச்சு. தண்ணின்னு சொல்லி எழுந்ததே அதுக்குத்தான். பின்வரிசையில நம்ம கிடங்குப் பசங்க எட்டுப் பேரு. என் மூஞ்சியப் பாத்தா விடுவானுங்களா? கண்ணெல்லாம் வேற பக்கம் போகட்டும்னு அவரக் காட்டிட்டேன்... அவனுங்க எட்டுப் பேருக்குத்தான் அனுப்புனேன், அவனுங்கதான் குரூப்புல தூக்கி... எழுதுனதா? எழுதுனதும் நான்தான்... அவருக்குத் தெரியுமா?... காலையிலேயே தெரியுமா?... விரலப் பாத்துட்டுத்தான் பெட்டியக் கட்டுனாரா?... குடு. இல்ல, இரு இரு... சரி, குடு."

தன்னையறியாமல் எழுந்து நின்றான். டப்பாவிலிருந்த சோற்றில் ஈ உட்கார்ந்தது.

"மாமா... நான்தான்... சாப்டீங்களா?... ம்... கிரேனுக்கு இன்னிக்கு மாத்தாளு போட்டிருக்காங்க. கொக்கி ஒரு பக்கமா இழுக்குதே, அது அவனுக்குப் பிடிபடல... மாமா, அந்தப் பெட்டி... இல்ல இல்ல, ஆட வரேன்னு சொல்லல. ஆடவே வேணாம். அந்தத் தாள மட்டும் எடுத்து வச்சிருங்க... ம்... வீடியோவ அழிச்சுட்டேன் மாமா... ஆமா, மத்தவன் போன்ல இருக்கு... ஆமா, இருக்கும். எப்பவும் இருக்கும்... மாமா, நான் என்ன சொல்ல வந்தேன்னா... அந்த எருமைன்னு... நான் வந்து... ஹலோ? மாமா?... ஹலோ?"

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் எவனோ அழுகைக் குரல் எடுத்தான். நிறுத்துடா என்று சொல்ல வாயைத் திறந்தான். சாப்பாட்டு நேரம் முடிந்த சங்கு ஊதியது. திறந்த வாயை மூடிக்கொண்டு மூன்றாவது லாரியை நோக்கி நடந்தான்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாயிற்று, கொக்கியைப் பற்றியும் பேசியாயிற்று. மாமாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் பாக்கி.