வண்டு காணாமப் போற மூலை

டர்ர்ர்ருனு கேட்டதும் திடுக்குனு ஆயிட்டீங்களே மேடம், பொட்டி ஒட்டுற டேப்பப் பிரிக்கிற சத்தம்தான். உக்காருங்க. அங்க வேணாம், இப்படி வலது பக்கமா வாங்க. இடது காது சுத்தமா அவுட்டு. அதை விசாரிக்கத்தானே தலைமை ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்க? நீங்க எழுதப்போறதப் பொறுத்துதான் இந்த டேப்பாவது என் கையில தங்கும்.

பேக்கிங்குக்குத் தள்ளி ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்கு முன்னாடி பதினாலு வருசம் மாடியில, கேட்டுப் பாக்குற ரூம்ல. சுத்தி அஞ்சு ஸ்பீக்கர், நடுவுல ஒரே நாற்காலி. அதுல நான். டெஸ்டுக்கு ஒரு வண்டு சத்தத்த ஸ்பீக்கர்ல ஓடவிடுவோம். முன்னாடி கிளம்பி, காதோரமா போயி, முதுகுக்குப் பின்னாடி ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வரணும். எங்கயாவது அறுந்துச்சுன்னா அந்த ஸ்பீக்கர் செட்டு கம்பெனி வாசலத் தாண்டாது. நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஊரு வீட்டுல எல்லாம் வண்டு பறக்கும். சிரிக்காதீங்க, நெசம்.

காது போனப்புறம் எப்படிச் சமாளிச்சேனா? கூட்டாளி இருந்தாரே. இப்ப அந்த நாற்காலியில உக்காந்திருக்காரே, அவரேதான். அப்ப பக்கத்து ஸ்டூல்ல குறிப்பெழுதுவாரு. எனக்கு இடது பின்மூலைக்குப் போனா வண்டு காணாமப் போயிடும். அது அங்க சரியா பாடுச்சுன்னா, மேசைக்கடியில என் முட்டியில ஒரு தட்டு. ஆறு வருசம் மேடம், ஒரு தட்டு தப்பினதில்ல. கட்டினவகூட அவ்வளவு கரெக்டா என்னைக் கவனிச்சதில்ல. அவகிட்ட சொல்லிடாதீங்க.

அன்னைக்குப் புது மாடல். பெரிய ஆளுங்க எல்லாம் பின்னாடி நிக்குறாங்க. வண்டு கிளம்புச்சு, காணாமப் போச்சு. முட்டியில தட்டு விழுந்துச்சு. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். நிமிந்து பாத்தா எல்லாரும் என்னையே பாக்குறாங்க. இடது பின் ஸ்பீக்கருக்கு வயரே மாட்டல.

கழட்டி வச்சது யாருன்னு நான் கேக்கல. தட்டினது யாருன்னுதான் தெரியுமே.

காது எப்படிப் போச்சா? அதான் ஃபைல்ல இருக்கே, என் கவனக்குறைவுன்னு நானே எழுதிக் குடுத்தது. ஒரு ஸ்பீக்கர் கரகரன்னுச்சு, காதை ஒட்டி வச்சுக் கேட்டுட்டு இருந்தேன். சொல்லாமக் கொள்ளாம சத்தத்த முழுசா திருப்பிட்டான். அவன் வேலைக்குச் சேர்ந்து மூணே மாசம். அப்பத்தான் கொழந்த பொறந்திருந்துச்சு. கால்ல விழாத குறையா அழுதான். சரி, போகுது ஒரு காதுதானேன்னு எழுதிட்டேன்.

யாரா? அட, அந்தத் தட்டினவன்தான் மேடம்.

பேனா குடுங்க. ஃபைல்ல இருக்குற பழசை அடிச்சுட்டு, நடந்தத நடந்தபடி நானே எழுதுறேன்... இந்தாங்க. அந்த டேப்ப இப்படித் தள்ளுங்க, லாரி வர்றதுக்குள்ள இன்னும் நாப்பது பொட்டி ஒட்டணும்.