மூன்று நாள் ஓய்வு

ஆரியசாலை ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர். கடைசி இருவர் அக்ரகாரத்துப் பெண்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள்.

"இந்த மாசமும் நான் தூரமாகலை, கோமு. ஆனாலும் மூணு நாள் பின்கட்டுல உக்காந்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"ஐயோ அலமு! பொய்யாவா?"

"மெள்ளப் பேசுடீ. பின்னால ஒரு கிழவர் நிக்கறார்."

நான் ரேஷன் கார்டை உன்னிப்பாகப் படித்தேன்.

"ரெண்டு மாசம் வராது, அப்புறம் வரும். திடீர்னு முகமெல்லாம் தீயா எரியறது. ராத்திரி வேர்த்துக் கொட்டித் தூக்கமே போயிடறது."

"லேடி டாக்டர்கிட்ட கேட்டியோ?"

"கேட்டேன். முழுக்க நிக்கறதுக்கு முன்னால சில வருஷம் இப்படித்தான் இருக்குமாம். மெல்லிசுப் புடவை கட்டு, காப்பியைக் குறை, நன்னா ஓய்வெடுன்னா."

"பின்னே எடுக்கறதுதானே?"

"பதினோரு பேர் இருக்கற ஆத்துல வேற எப்போ ஓய்வு? நின்னுடுத்துன்னு தெரிஞ்சா அந்த மூணு நாளும் போச்சு. சாகற வரைக்கும் அடுக்களைதான்."

"மாமியார் கண்டுபிடிச்சுட்டா?"

"போன மாசமே கண்டுபிடிச்சாச்சு. 'இப்படி நாள் தவறாம உக்காராதே, சந்தேகம் வரும். கொஞ்சம் முன்னே பின்னே வை'ன்னா. மாமியாரே பேரன் பூணல் வரைக்கும் இப்படி உக்காந்தவாளாம்!"

இருவரும் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அரிசியோடு வீடு திரும்பும்போது என் மனைவியின் வயதை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தேழு. நேற்றிலிருந்து அவள் பின்கட்டில் இருக்கிறாள். இன்றும் சமையல் என்னுடையதுதான்.