முன்தடுப்பு

டிரெய்லர் வாங்க வருகிறவர்கள் முதலில் சக்கரத்தைத்தான் காலால் உதைத்துப் பார்ப்பார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, ஐயா. பார்க்க வேண்டியது முன்தடுப்பை. அதுவும் காய்ந்த புல்லை ஆளுயரத்துக்குச் சுருட்டிக் கட்டிய உருளைக் கட்டுகளை ஏற்றுவதென்றால், ஓட்டுகிறவன் முதுகுக்கும் சுமைக்கும் நடுவே இருப்பது அந்த இரும்புச் சட்டம் ஒன்றுதான். ஒரு கட்டு அரை டன் இருக்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் டிராக்டர் நிற்கும், கட்டு நிற்காது.

இதையெல்லாம் நான் என் தம்பிக்குச் சொல்லவில்லை. சொல்லாதது மட்டும்தான் என் தவறு என்றால் நீங்கள் என்னை இப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

ஒரு திங்கட்கிழமை அவன் டிரெய்லர் வாங்க என் வெல்டிங் பட்டறைக்கு வந்தான். அப்பா நிலம் முழுவதையும் அவன் பெயருக்கு எழுதிவைத்த பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பெரியவனுக்குக் கைத்தொழில் இருக்கு, பொழச்சுக்குவான்" என்றாராம் அப்பா. பதினாறு வருடம் அந்த மேட்டு நிலத்தில் கல் பொறுக்கியவன் நான். தம்பித் துரை அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"உனக்குத் தெரியாததாண்ணே? நீ எதைக் காட்டுறியோ அதை எடுத்துக்கறேன்" என்றான். புதன்கிழமை வரச் சொன்னேன்.

நல்ல டிரெய்லராகத்தான் பார்த்து எடுத்துவைத்தேன். தாழ்ந்த தளம், அகலமான சக்கரம், தனி பிரேக். அதன் முன்தடுப்பை அடியோடு அறுத்தெடுத்தேன். அறுத்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, பச்சைப் பெயிண்ட் அடித்தேன். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது.

தம்பி வந்தான், எல்லோரையும் போல சக்கரத்தை உதைத்தான். ஆனால் அவன் முட்டாள் இல்லை. "முன்னாடி தடுப்பு ஒண்ணும் இல்லையேண்ணே?"

"இப்ப வர்றதுல அது கிடையாதுடா. பட்டையை நல்லா இழுத்துக் கட்டு, போதும்."

"நீ சொன்னா சரிதான்."

அதைக் கேட்டபோது மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் அவன் டிராக்டரில் கொக்கியை நானே மாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை மேட்டிலிருந்து இறங்கும்போது ஓர் ஆடு குறுக்கே வந்திருக்கிறது. பிரேக்கை அழுத்தினான். பட்டை அறுந்து, மேல் வரிசைக் கட்டு முன்னால் உருண்டது. அவன் டிராக்டருக்குக் கூரை கிடையாது. சாவு வீட்டில் எல்லோரும் அவனையே குறை சொன்னார்கள், பேராசைப்பட்டு அளவுக்கு மீறி ஏற்றினானாம். அது பொய். அளவாகத்தான் ஏற்றியிருந்தான். செத்தவன்மேல் பழி போடுவது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் நானே வந்தேன்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. ஒரு கட்டு சரிய வேண்டும், அவன் வெலவெலத்துப் போக வேண்டும், "இந்த நிலத்தை நீயே பார்த்துக்கோண்ணே" என்று என் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. உயிருக்கு ஆபத்து வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அன்று காலை, சித்தப்பாவோடு டிராக்டரில் போகிறேன் என்று என் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவளை அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் நான் பட்டறைக்குப் போனேன்.