ஒரு கப் மாவு எத்தனை கிராம்

— மூணு மணி நேரம்தான் இருக்கு அண்ணி. ஹோட்டல்காரர் ஆறு மணிக்கு கேக்கை எடுக்க வந்துடுவார். ஒரு கப் மாவு எத்தன கிராம்னு தெரிஞ்சாதான் நான் கணக்க முடிக்க முடியும்.

— ஒரு கப் மாவுன்னா ஒரு கப் மாவுதான். பதினெட்டு வருஷமா இந்தக் கப்பை வெச்சுத்தான் இந்தக் கடைய நடத்துறேன். அது கிராமைக் கேட்டுச்சா, நான் கேட்டேனா?

— போன வாரம் அனுப்புன மூணு கேக்கும் மூணு மாதிரி இருந்துச்சாம். ஒண்ணு பஞ்சு. ஒண்ணு பரவாயில்ல. ஒண்ணு...

— சொல்லு. வாய்க்கு வந்தத முழுங்காத.

— செங்கல். இன்னைக்கும் அப்படி இருந்தா தினசரி ஆர்டர் கிடையாதுன்னுட்டார்.

— அந்தாளுக்குப் பல்லு சரியில்ல. அவர் திருப்பி அனுப்புன மிச்சத்த உங்கண்ணன் ஒண்ணும் சொல்லாமத் தின்னாரே?

— நீங்க பக்கத்துல நின்னா அண்ணன் தட்டையும் சேத்துத் தின்னுடுவார்.

— நாத்தனார்னா சும்மாவா. சரி விஞ்ஞானி, உன் தராச வை.

— வெறும் கப்பை வெச்சு ஜீரோ பண்ணிட்டேன். நிரப்பி, மேல வழிச்சு விடுங்க... நூத்தி இருபத்தாறு. கொட்டிட்டு இன்னொரு தடவ.

— ம்.

— நூத்தி நாப்பத்தஞ்சு.

— மாவு புதுசு.

— அதே டப்பா அண்ணி. இன்னும் ஒரு தடவ... நூத்தி அம்பத்தொண்ணு.

— ஃபேன் காத்து. அதுல ஏறி இறங்குது.

— ஃபேன் காலையில இருந்தே ஓடல.

— அப்போ தராசு பொய் சொல்லுது. நீ வாங்கிட்டு வந்தது, உன் பக்கம்தான் பேசும்.

— நான் நிரப்புறேன், பாருங்க. நூத்தி இருபத்தஞ்சு. நூத்தி இருபத்தஞ்சு. நூத்தி இருபத்தாறு.

— சொன்னேன்ல? வாங்குனவள விட்டுக் கொடுக்குமா அது.

— கப்பை ஆட்டினா மாவு அமுங்கும் அண்ணி. அமுங்கினா அதே கப்புல இன்னும் கொஞ்சம் பிடிக்கும். செங்கல் அங்கதான் பொறக்குது.

— பாடம் எடுத்தது போதும். போய் காலையில சுட்ட அந்தப் பிறந்தநாள் கேக்குல பேர எழுது.

— அத நீங்கதானே எழுதுவீங்க? என் எழுத்து மழையில நனஞ்ச எறும்பு மாதிரின்னு சிரிச்சதும் நீங்கதான். இப்பல்லாம் எல்லாத்தையும் என்கிட்டயே தள்ளுறீங்க.

— பழகிக்கோ. நாளைக்கு நீதானே கடையப் பாக்கணும்.

— ஏன், நீங்க எங்க போறீங்க?

— எங்கயும் போகல. பேச்சுக்குச் சொன்னேன். டீ ஆறுது, குடி.

— உங்க டீயும்தான் ஆறுது. நான் பக்கத்துல இருந்தா நீங்க டம்ளரத் தொடறதே இல்ல.

— எனக்குச் சூடு ஆகாது.

— சரி, கடைசியா ஒரு தடவ. ஆட்டாம நிரப்புங்க. ஒரே எடை வந்தா அதையே வெச்சுக்கிட்டு வேலைய ஆரம்பிச்சுடலாம்.

— நான் ஆட்டல.

— ஆட்டுறீங்க அண்ணி. தராசுல வைக்கிறப்போ கப் டகடகன்னு தட்டுது. கேக்குதா?

— கேக்குது.

— கேக்குதுல்ல? அப்ப ஏன் ஆட்டுறீங்க?

— நான் எங்க ஆட்டுறேன், விஞ்ஞானி. கை தானா ஆடுது. ஆறு மாசமா.